ஏர் மார்ஷலுக்குக் கயிறு பிடித்தவர்

சாத்தான்குளம் எனக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லெறி தூரத்தை இன்னும் தாண்டவில்லை என்பதால் நடையை மட்டும் எட்டிப் போட்டேன்.

தேரிக்காட்டுச் செம்மணல். காலில் செருப்பு இல்லை. ஒரு பனை நிழலிலிருந்து அடுத்த பனை நிழலுக்கு ஓடுவேன், நின்று கால் ஆறியதும் மறுபடி ஓடுவேன். பனை நிழல் எவ்வளவு அகலம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு காலையும் சேர்த்து வைத்தால் ஒரு பாதம் வெயிலில்தான் கிடக்கும்.

தோளில் ஒரு துண்டு, அதன் முடிச்சில் கொஞ்சம் அவல். கையில் ஓர் இரும்புக் கம்பி. என் வேலை போய்விட்டது, கம்பி மட்டும் கையோடு வந்துவிட்டது.

வேலை என்ன என்றால், வானம் பார்ப்பது.

யுத்த காலம். ஜப்பான்காரன் விமானம் எந்த நேரமும் வரலாம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் எல்லாம் ஆள் போட்டார்கள். சாத்தான்குளத்தில் நான் வேலை தேடி வந்து, சந்தையோரம் வேலை கிடைக்காமல் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து ஒருவர் வந்து என்னைச் சற்று நேரம் கவனித்தார். "இதையே செய்யுதியா? கூலி தாரோம்" என்றார்.

ஒரு வேப்பமரத்தில் பலகை அடித்து, பக்கத்துக் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். விமானத்தைக் கண்டால் கம்பியால் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். நான் செய்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்த வேலை அது. பருந்து, கொக்கு, பட்டம், மேகம் எல்லாவற்றையும் பார்த்தேன். விமானத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு சந்தை நாள் அதுவும் வந்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. பனை உச்சிகளை உரசுகிற மாதிரி தாழ்வாக வந்து கடைத்தெருவையே சுற்றியது. ஒரு சுற்று அல்ல, மூன்று சுற்று. நான் தண்டவாளத்தை அடித்தேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு மனசோடு செய்ததில்லை.

எண்ணெய்க்காரர் வண்டிக்கு அடியில் புகுந்தார். அவர் மேலேயே எண்ணெய் கொட்டியது. கருவாட்டுக்காரி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் பதுங்கினார். நடுத்தெருவில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நின்று, தோள் துண்டை எடுத்து விமானத்தைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார். அவர் ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சி.

"எம் மவன்! ஏலே, எம் மவன்லா ஓட்டுதான்!"

வந்தது நம் விமானம். ஓட்டியது உள்ளூர்ப் பையன் செல்லத்துரை. அப்பாவின் கடைக்கு மேலே ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

போலீஸ்காரர் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் என் மேல் அவருக்குக் கோபம் கூடியது. எண்ணெய்க்காரர் கல்லை எடுத்தபோது நான் மரத்திலிருந்து குதித்தேன். நடக்க ஆரம்பித்தேன்.

பேப்பரில் வந்த வாழ்க்கை

அந்தச் செல்லத்துரையைப் பற்றி இப்போது சொல்லக் காரணம் உண்டு. போன வாரம் பேப்பரில் அவர் படம் வந்திருந்தது. ஏர் மார்ஷல் ஓய்வு பெறுகிறாராம். நெஞ்சு நிறைய பதக்கம். கொடி வைத்த காரிலிருந்து இறங்குகிறார். மீசை நரைத்திருக்கிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது.

கீழே அவர் வாழ்க்கையை எழுதியிருந்தார்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தெந்தப் படைத்தளத்துக்குத் தலைவரானார், எந்தெந்த ரக விமானம் ஓட்டினார், வெளிநாட்டில் எங்கே பயிற்சி. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு படி ஏறினால் அடுத்த படி தானாகவே வந்து காலடியில் நின்ற மாதிரி எழுதியிருந்தார்கள்.

எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவில் நாலு பாகம் தண்ணீர் கிடந்ததை அவர்கள் எழுதவில்லை. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். கடல்காரர்கள் ஆழத்தை அப்படித்தான் அளப்பார்கள்.

அந்தத் தண்ணீருக்கு மேலே, வள்ளத்தில், நான் இருந்தேன்.

சாரம் கட்டிய அதிகாரி

ராத்திரி ஒரு உப்பளக் கொட்டகையில் படுத்தேன். மறுநாள் காலையில் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் குப்பத்துக்கு வந்தேன். பெரியதாழையிலிருந்து சங்கு குளிக்க வந்தவர்கள் ஓலைக் குடிசை போட்டிருந்தார்கள். முத்துக் குளிப்பு அரசாங்கம் திறந்தால்தான் உண்டு. மற்ற நாளில் இவர்களுக்குச் சங்குதான் சோறு.

கரையில் ஒரு ஜீப் நின்றது. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி. கொஞ்சம் தள்ளி, கவிழ்த்த வள்ளத்தின் மேல், யாருடைய சாரத்தையோ கட்டிக்கொண்டு ஒரு வாலிபர். சாரம் என்றால் கைலி. முழங்காலில் சிராய்ப்பு. பெரிய காது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கஞ்சியைப் பார்த்துத்தான் கிட்டப் போனேன். என் கையிலிருந்த கம்பியைப் பார்த்து, "என்னலே இது?" என்றார்.

"வானம் பார்க்கிற வேலை. சாத்தான்குளத்தில. நேத்து ஒரு விமானம் மூணு சுத்து..."

அவர் கஞ்சிச் சட்டியை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்.

"குடிலே. குடிச்சிட்டு வாயை மூடிக்கோ. அந்த மூணு சுத்தைத் தொரகிட்டச் சொல்லிராத."

இப்படித்தான் எனக்கும் பிற்கால ஏர் மார்ஷலுக்கும் பழக்கம்.

நடந்தது இது. அப்பாவுக்கு வேடிக்கை காட்டிவிட்டுக் கடல் பக்கம் ரோந்துக்குத் திரும்பியிருக்கிறார். விமானத்தில் பெட்ரோல் தொட்டி இரண்டு. ஒன்று தீர்ந்ததும் குழாய்த் திருகியைத் திருப்பி மற்றதைத் திறக்க வேண்டும். திருப்பினார். பாதி வழியில் திருகி சிக்கிக்கொண்டது. உள்ளங்கை தோல் உரியத் திருகியும் அசையவில்லை. எஞ்சின் நின்றது, விமானம் கடலில் இறங்கியது. சங்குக்காரர்கள் அவரைத் தூக்கினார்கள். விமானம் நாலு பாகம் ஆழத்தில் மூழ்கிவிட்டது.

வெள்ளைக்காரர் விசாரிக்க வந்தவர். அவர் சொன்னதோ வேறு. "நீ திருகியைத் திருப்பவே மறந்துவிட்டாய்." மறந்தார் என்று எழுதிவிட்டால் செல்லத்துரை இனி ஆகாயத்துக்குப் போக முடியாது. எங்காவது ஸ்டோரில் கம்பளி எண்ண வேண்டியதுதான்.

"திருகியைக் காட்டு. சிக்கியிருந்தால் நம்புகிறேன். சாயங்கால ரயிலுக்கு நான் போக வேண்டும்."

மேலே வந்த சாமான்கள்

குளிப்புக்காரர்களுக்குத் தலைவர் சூசை அண்ணாச்சி. கறுத்த தேகம், கண் எப்போதும் சிவப்பு. காலையிலிருந்து அவர் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். மேலே வந்த சாமான்களை மணலில் பரப்பி வைத்திருந்தார்கள். இருக்கை மெத்தை. தண்ணீர்ப் போத்தல். ஒரு பூட்ஸ். வளைந்த ஒரு பிடி. ஒரு கண்ணாடி வட்டம்.

"இது இல்ல அண்ணாச்சி" என்றார் செல்லத்துரை.

"சரி, இன்னொருக்கப் போறேன்."

இந்தத் தடவை டிபன் கேரியர் வந்தது. உள்ளே ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

"தம்பி, உள்ள அம்புட்டும் குழாயாத்தான் இருக்கு. எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியுது. புளியோதரையை மட்டும் அடையாளம் தெரிஞ்சுது, எடுத்தாந்தேன்."

திருகியைக் கழற்ற ஸ்பேனரால் இரண்டு மரையை அவிழ்க்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று செல்லத்துரைக்குத்தான் தெரியும். கண்ணைக் கட்டினாலும் கை போகும் இடம் அது.

"நானே இறங்குதேன்" என்றார்.

"நீச்சல் தெரியுமா?" என்றார் சூசை.

"எங்க தோட்டத்துக் கிணத்துல நல்லா நீந்துவேன்."

கேட்டுக்கொண்டு நின்ற சூசையின் மனைவி அன்னம்மாள் அக்காள் சிரித்துவிட்டாள்.

ஆனாலும் சூசை ஒப்புக்கொண்டார். குளிப்புக்காரர்கள் கட்டி இறக்குகிற கல்லில் கால் வைத்தால் அதன் கனமே கீழே கொண்டுபோகும். இடுப்பில் ஒரு கயிறு. மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்ட வேண்டும், மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். இறங்குவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. இழுக்கிறவன் ஒழுங்காக இருந்தால் போதும்.

"இழுக்கிறது யாரு?" என்று கேட்டாள் அன்னம்மாள் அக்காள்.

அங்கேதான் விஷயம் நின்றது.

யார் பிடிப்பது

அந்தக் கடற்கரையில் குளிப்புக்காரனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சூசைக்குப் பிடித்ததும் அன்னம்மாளின் தம்பிதான். வேறு யாரிடமும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

"எங்க அப்பாவை வரச் சொல்லட்டுமா?" என்றார் செல்லத்துரை.

"தகப்பன் கை நடுங்கும் தம்பி. கூடப்பொறந்தவன் பிடிச்சா, கொஞ்சம் பொறுத்து இழுத்தா தோப்பு பூரா நமக்குத்தானேன்னு ஒரு நிமிசம் நெனப்பு போவும். மச்சான் அப்படியா? அக்கா தாலி அந்தக் கயித்துலல்லா தொங்குது. இழுக்காம என்ன செய்வான்?" என்றார் சூசை.

அன்னம்மாளின் தம்பியிடம் கேட்டார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இவிய எனக்கு யாரு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல எம் மொகத்துல முழிப்பாங்களா?"

வெள்ளைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் குடையை மடக்கிவிட்டு, தானே பிடிப்பதாகச் சொன்னார். அன்னம்மாள் அக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொரைக்குத் தங்கச்சி உண்டா?"

செல்லத்துரை இதை இங்கிலீஷில் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆகலையா? பேச்சாவது நடக்கா?"

செல்லத்துரையின் காது சிவந்தது. "நடக்கு. தூத்துக்குடியில. முடியல."

"பொண்ணுக்கு அண்ணன் தம்பி?"

"ஒரு அண்ணன். கடற்கரை ரோட்டுல ஒரு கிட்டங்கியில கிளார்க்கு. அவருக்கு என்னைப் பிடிக்கல."

"பிடிக்கலைன்னா பரவால்ல. கயித்தைப் பிடிச்சாப் போதும்" என்றாள் அக்காள். "கூட்டியாங்க."

ஜீப்பில் வந்த கிளார்க்

செல்லத்துரை கரையைவிட்டு நகரக் கூடாது. வள்ளக்காரர்கள் ஜீப்பில் ஏற மாட்டார்கள். ஆகவே நான் போனேன். அதற்கு முன் நான் ஏறிய வண்டிகளில் பெரியது கருப்பட்டி ஏற்றும் மாட்டுவண்டி. ஜீப் டிரைவர் வடக்கத்திக்காரர். வழி முழுக்க ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், நான் தலையாட்டிக்கொண்டே போனேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் பெரிய கூடம். உள்ளே கொப்பரை வாசனை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தங்கவேல். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா. பட்டாளத்து ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் எந்தக் கட்சியிலயும் இல்ல" என்றார்.

கட்சி விஷயம் இல்லை, செல்லத்துரை விஷயம் என்றேன்.

"அந்த ஆளா? நேத்தே கேள்விப்பட்டேன், விழுந்துட்டாராமே. எங்க அப்பா கொழும்புலேருந்து மாப்பிள்ளையை நல்லா விசாரிச்சு எழுதுன்னு சொல்லியிருக்காவ. நானும் எழுதப்போறேன். வானத்துலேருந்து விழுறவனுக்கு எப்படிப் பொண்ணைக் கொடுக்க? ஒரு வாழைக்காய் மண்டி வச்சிருக்கவன் விழுந்தான்னா எம்புட்டு உயரத்துலேருந்து விழுவான்? படியிலேருந்து விழுவான்."

அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. இருந்தாலும், வெள்ளைக்கார அதிகாரி வரச் சொன்னார் என்றேன். அது பொய் இல்லை, அவரும் தலையை ஆட்டியிருந்தார். தங்கவேல் குடையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கயிறு விஷயத்தை நான் வாய் திறக்கவில்லை. வண்டியில் போகும்போது குதித்துவிட்டால் என்ன செய்வது?

வள்ளத்தில் நடந்த பேச்சு

கரையில் இறங்கியதும் அன்னம்மாள் அக்காள் எதிரே வந்தாள். "வாரும் மச்சானே, உமக்காகத்தான் கடலே காத்துக்கெடக்கு" என்றாள். விஷயம் விளங்குவதற்குள் தங்கவேலை வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். சூசை, செல்லத்துரை, வெள்ளைக்காரர், தண்ணீர் இறைக்க நான். விளங்கியபோது கரை தூரத்தில் இருந்தது.

"முடியாது" என்றார் தங்கவேல். வள்ளத்தின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "கயித்தைத் தொட்டா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். இவ்வளவு பேருக்கு முன்னால தொட்டேன்னா, நாளைக்கு ஊர் பூரா நான் மச்சான். வெத்தலை பாக்கு மாத்துன மாதிரி ஆயிரும்."

"ஆமா, அதுக்குத்தான கூப்பிட்டது" என்றார் சூசை.

"மிஸ்டர் செல்லத்துரை, இது உங்க ஏற்பாடா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல. உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"கப்பல்ல ஏத்துற மூட்டைக்குக்கூட இன்சூரன்ஸ் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? நீங்க இன்னைக்குத் தப்பிச்சு மறுபடி மேல போவீங்க. என் தங்கச்சி வாசல்ல நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

வானம் பார்க்கிற வேலை அவ்வளவு மோசமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சூசை என்னை முறைத்தார்.

செல்லத்துரை தோல் உரிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், நீங்க உங்க அப்பாவுக்கு என்ன வேணும்னாலும் எழுதுங்க. விழுந்தான்னு எழுதுங்க. ஆனா மறந்துட்டான்னு எழுதிராதீங்க. நான் மறக்கல. அது என் கையில திரும்பல. அவ்வளவுதான்."

வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூசை வானத்தைப் பார்த்து, "காத்து திரும்பப்போவுது. இனி நேரமில்ல" என்றார்.

செல்லத்துரை சாரத்தை அவிழ்த்துப் போட்டார். அரை நிஜார். இடுப்புக் கயிற்றை அவரே கட்டினார். ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டார். கயிற்றின் மறு நுனி வள்ளத்துக்குள் சுருளாகக் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

"யாராவது பிடிக்காம நான் கல்லை விட மாட்டேன்" என்றார் சூசை.

ஸ்பேனர் வாயில் இருந்ததால் செல்லத்துரை பதில் சொல்லவில்லை. கல்லைத் தானே மடியில் தூக்கி அணைத்துக்கொண்டு, குழந்தையோடு கிணற்றில் விழுகிற மாதிரி, கடலில் போய்விட்டார்.

சுருள் அவிழ்ந்தது

பிறகு நடந்ததைச் சொல்ல நேரம் பிடிக்கும், நடந்தது ஒரு நொடி.

சுருள் அவிழ ஆரம்பித்தது. கயிறு வள்ளத்தின் விளிம்பில் உரசி, சாரைப்பாம்பு மாதிரி ஓடியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கயிறு முடியப்போகிறது. நுனி பலகைமேல் துள்ளியது. சூசை பாய்ந்தார். நானும் பாய்ந்தேன். வெள்ளைக்காரரும் பாய்ந்தார். மூன்று பேரும் தலைகள் மோதி வள்ளத்துக்குள் விழுந்தோம்.

நிமிர்ந்து பார்த்தால் தங்கவேல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் கயிறு. விரைந்து ஓடிய கயிற்றை அப்படியே இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. குடை கடலில் மிதந்துகொண்டிருந்தது.

அவரே தன் கையைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"கொடும் சார், நான் பிடிக்கேன்" என்றார் சூசை.

"தொடாதேயும்!" என்று கத்தினார் தங்கவேல். "இது எங்க வீட்டு விஷயம்!"

கயிறு சுண்டியது. இழுத்தார். செல்லத்துரை தலை வெளியே வந்தது. வாயிலிருந்து தண்ணீரும் ஸ்பேனரும் வந்தன. ஸ்பேனரை சூசை பிடித்தார்.

"ஒரு மரை... கழண்டுட்டு" என்று மூச்சு வாங்கினார்.

"கழண்டது கெடக்கட்டும்! மூச்சை எங்க வச்சிருக்கீரு? இவ்வளவுதானா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைவிட அடக்கும். நல்லா இழுத்து விடும். இன்னும். ம். இப்பப் போம்."

பேச்சில் 'மிஸ்டர்' போய்விட்டது. சூசை கொடுத்த வேறொரு கல்லோடு செல்லத்துரை இரண்டாம் தடவை இறங்கினபோது தங்கவேல் கயிற்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் ஏதோ கேட்கும் என்பது போல நின்றார். எங்களை மூச்சுவிடக் கூடாது என்றார். வெள்ளைக்காரர்கூட அடக்கிக்கொண்டார்.

கயிறு சுண்டவில்லை.

தங்கவேல் சூசையைப் பார்த்தார். சூசை கடலைப் பார்த்தார். குமிழி வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

"சுண்டாம இழுக்கக் கூடாதுல்லா?" என்றார் தங்கவேல்.

"மச்சானுக்கு அந்தச் சட்டம் கிடையாது" என்றார் சூசை.

தங்கவேல் இழுத்தார். கயிறு வரவில்லை. காலை வள்ளத்தின் ஓரத்தில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். கிட்டங்கியில் ஒரு மூட்டையை நகர்த்தக்கூட ஆள் கூப்பிடுகிறவர். "எம்மா... எந் தங்கச்சி... ஏலே மாப்ளே... விடுலே அதை!" என்று கத்திக்கொண்டே இழுத்தார். கீழே எதுவோ முறிந்தது. கயிறு தளர்ந்தது. தங்கவேல் பின்பக்கமாக வெள்ளைக்காரரின் மடியில் போய் விழுந்தார். கயிற்றை விடவில்லை.

வெளியே வந்தது செல்லத்துரை. கையில் குழாய். குழாயில் திருகி. திருகியோடு பிய்ந்து வந்த பலகையில் ஒரு துண்டு. இரண்டாவது மரை கழலவில்லையாம். விட்டுவிட்டு வர மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கழற்றியது தங்கவேல்தான், மேலே இருந்துகொண்டு.

திருகி

செல்லத்துரை குப்புறக் கிடந்து தண்ணீர் கக்கினார். தங்கவேல் அவர் முதுகில் அறைந்துகொண்டிருந்தார். பாதி அறை வைத்தியம், பாதி கோபம்.

வெள்ளைக்காரர் திருகியை எடுத்தார். அதன் காது, இரண்டு தொட்டிக்கும் போட்டிருந்த அடையாளங்களுக்கு நடுவில் நின்றது. திருகிப் பார்த்தார். அசையவில்லை. கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். முகம் சிவந்தது. சூசையிடம் கொடுத்தார். பாறையிலிருந்து சங்கு பெயர்க்கிற கை அது. ஒன்றும் நடக்கவில்லை. மரியாதைக்கு என்னிடமும் கொடுத்தார்கள். நானும் ஒரு தடவை முக்கினேன்.

"ஜாம்" என்றார் வெள்ளைக்காரர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு தன் தொப்பியை எடுத்து, வெயிலில் நடுங்கிக்கொண்டு கிடந்த செல்லத்துரையின் தலையில் வைத்தார்.

சாயங்கால ரயிலில் வெள்ளைக்காரரும் செல்லத்துரையும் போனார்கள். பேப்பரில் அடுத்த படி என்று போட்டிருந்தது இதற்குப் பிறகுதான் வந்தது.

போகுமுன் செல்லத்துரை தங்கவேலின் முன்னால் வந்து நின்றார். "வாரேன்... மச்சான்" என்றார்.

அன்னம்மாள் அக்காள் தேங்காய் எண்ணெயில் துணி நனைத்துத் தங்கவேலின் இரண்டு கையையும் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். "நாலு பேர் பார்க்கச் சொல்லுதீரே, மாப்ளே" என்று பல்லைக் கடித்தார் தங்கவேல். "ரயிலைப் பிடியும். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடும்."

மறுநாள் காலை

எனக்குப் போக இடம் இல்லை. தூத்துக்குடி வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் கடல். காலையில் கிட்டங்கி வாசலில் மூட்டை தூக்க ஆள் எடுப்பார்கள் என்று போய் நின்றேன்.

தங்கவேல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் துணிப்பந்து. முன்னால் எழுத வேண்டிய காகிதங்கள் குவிந்து கிடந்தன. பேனா பையிலேயே இருந்தது. அதை எடுக்கவும் ஆள் வேண்டும்.

என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "உன்னாலதான் வந்துது எல்லாம்" என்றார். "எழுதத் தெரியுமா?"

"தமிழ் எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே போடுவேன். அர்த்தம் தெரியாது."

"பரவால்ல. இங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். கை ஆறுற வரைக்கும் நீ எழுது. உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து செய்த முதல் வேலை அதுதான். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். சரக்குக் காகிதத்தைக் கிட்டே இழுத்தேன்.

"அது அப்புறம். முதல்ல வெள்ளைத்தாள் எடு. கொழும்புக் கப்பல் மத்தியானம் போவுது. எழுது."

அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:

'அன்புள்ள அப்பாவுக்கு, தங்கவேல் எழுதிக்கொண்டது. கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நான் சுகம். மாப்பிள்ளையை நேரில் விசாரித்தேன். பொய் சொல்கிற ஆள் இல்லை. எடுத்ததை விடுகிற ஆளும் இல்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நாள் பார்க்கவும்.'